டூரிங்குக்கு எந்த வண்டி? புல்லட் வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

புல்லட் ஓட்டுகிறவருக்கு டூரிங் வண்டி, அதாவது நீண்ட தூரப் பயணத்துக்கான வண்டி, ஆசை வந்தால் கால் தானாகவே ராயல் என்ஃபீல்டு ஷோரூம் பக்கம்தான் போகும். மற்ற ஷோரூம்களில் நுழையவே மனசு கூசும். அந்தக் கூச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்பா ஓட்டியது வலது காலில் கியர் போடும் பழைய இரும்பு எஞ்சின் வண்டி. இப்போது வீட்டில் நிற்பது அதே கம்பெனியின் கிளாசிக் 350. 1955-ல் மெட்ராஸில் ராணுவத்துக்காகப் பாகங்களைச் சேர்த்துப் புல்லட் பூட்ட ஆரம்பித்த கம்பெனி, இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிப் போன பிறகும் திருவொற்றியூரில் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. அப்படி ஒரு வண்டியோடு வளர்ந்தவருக்குப் பிடிமானம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் இந்த முறை தேவை வேறு. நானும் மனைவியும் திருச்சியிலிருந்து கிளம்பி வால்பாறை, மூணாறு, குடகு, தனுஷ்கோடி என்று போக வேண்டும். இரண்டு பேர், இரண்டு பை. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு கிலோமீட்டர். அதில் பாதி நான்குவழிச் சாலை, மீதி மலைப்பாதையும் குழி விழுந்த ஊர்ச்சாலையும். லடாக் எங்கள் திட்டத்தில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டூரிங் வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இமயமலைக் கணவாய்களை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். நம்மில் பெரும்பாலானோர் போய் வருவது கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும். அங்கே தேவைப்படும் வண்டி வேறு.

ஒரு பெயர்மேல் பற்று இருக்கிறதென்றால் அது எதன்மேல் உள்ள பற்று என்று பிரித்துப் பார்க்காமல் ஒப்பிட முடியாது. என்னைப் பொறுத்தவரை அது மூன்று விஷயங்கள். எஞ்சினின் குணம். தெருமுனை மெக்கானிக். நம்மூர் வண்டி என்ற பெருமை. இந்த மூன்றும் இன்று எந்தெந்த வண்டியில் இருக்கின்றன என்று தேடினால் விடைகள் ஒரே ஷோரூமில் இல்லை.

எஞ்சினிலிருந்து தொடங்குகிறேன். புல்லட்டின் குணம் என்பது கீழ் ஆர்பிஎம்மிலேயே, அதாவது எஞ்சின் நிமிடத்துக்குக் குறைந்த தடவை சுழலும்போதே, இழுப்பது. கியரைக் குறைக்காமல், ஆக்சிலரேட்டரை முறுக்காமல், மேட்டில் மெதுவாக ஆனால் உறுதியாக ஏறுவது. ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350-லும் இன்றைய கிளாசிக்கிலும் உள்ள ஜே சீரிஸ் எஞ்சின் தன் முழு டார்க்கான, அதாவது சுழற்றும் விசையான, 27 நியூட்டன் மீட்டரை 4000 ஆர்பிஎம்மில் தருகிறது. ஹோண்டா சிபி350 இன்னும் கீழே, 3000-லேயே 30 நியூட்டன் மீட்டர் தருகிறது. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450-ல் கிடைப்பது 40. ஆனால் அது கிடைப்பது 5500-ல். அதன் 40 குதிரைத்திறன் முழுதாக வெளிவர 8000 வரை போக வேண்டும். 3000-க்குக் கீழே அந்த எஞ்சின் தயங்கும்.

ஆகவே டேங்க்கில் உள்ள பெயரை மறைத்துவிட்டுப் புல்லட்காரர் ஒருவரை ஏற்றி ஓட்டச் சொன்னால், சொந்த வீட்டு வண்டி என்று அவர் ஹோண்டாவைத்தான் சொல்வார் என்பது என் எண்ணம். ஹிமாலயன் 450 நல்ல வண்டி. ஆனால் அது நீர்க்குளிர்ச்சியும் இரட்டை கேம்ஷாஃப்டும் உள்ள, வேகமாகச் சுழல விரும்பும் எஞ்சின். பெயர் அதேதான், வண்டி வேறு. ‘என்ஃபீல்டு என்பதால் எடுக்கிறேன்’ என்று அதை எடுக்கிறவர், கேடிஎம் எடுத்தால் எந்த அளவுக்குப் பழக வேண்டியிருக்குமோ ஏறக்குறைய அதே அளவு பழக வேண்டியிருக்கும்.

அடுத்தது மெக்கானிக். பழைய புல்லட்டை எந்த ஊரிலும் பார்த்துக் கொடுக்க ஆள் உண்டு. பாயிண்ட் செட் பண்ணுவதும் டேப்பட் பார்ப்பதும் கிளட்ச் கேபிள் மாற்றுவதும் சாலையோரத்திலேயே முடியும். சாமான் வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்காதது இல்லை. இந்த வசதியை நினைத்துத்தான் பலர் ‘வழியில் நின்றால் யார் பார்ப்பார்கள்?’ என்று வேறு கம்பெனியை ஒதுக்குகிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபின் எல்லாக் கம்பெனி டூரிங் வண்டியும் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான். ஹிமாலயன் 450-ல் ஆக்சிலரேட்டர் கேபிள்கூடக் கிடையாது, எல்லாம் சென்சார். அந்த வண்டி நின்றால் தெருமுனை மெக்கானிக்கும் கம்பெனி ஸ்கேனரைத்தான் கேட்பார். எனவே இன்று பார்க்க வேண்டியது மெக்கானிக்கின் கைத்திறனை அல்ல, கம்பெனி சர்வீஸ் சென்டர் எத்தனை ஊரில் இருக்கிறது என்பதை. அதில் ராயல் என்ஃபீல்டு இன்னும் பலமாகவே இருக்கிறது. ஹோண்டாவின் சிபி350-க்குப் பிக்விங் என்ற தனி ஷோரூம் தேடிப் போக வேண்டும், அது பெரும்பாலும் பெரிய ஊர்களில் இருக்கும். சின்ன ஊர்வரை சர்வீஸ் உள்ள இன்னொரு கம்பெனி டிவிஎஸ்.

மூன்றாவது, நம்மூர்ப் பெருமை. எனக்கு இது பெரிய விஷயம். வண்டி செய்யும் தொழிற்சாலை வாசலில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் என்றால் கொடுக்கும் காசு மனசுக்கு உறுத்தாது. ஆனால் அந்த வாசல் ராயல் என்ஃபீல்டின் ஒரகடத்தில் மட்டும் இல்லையே. ஓசூரிலும் இருக்கிறது. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 ஏறாத தமிழ்நாட்டுக் கிராமம் எது? பால் கேனும் தீவனக் கட்டும் ஏற்றிக்கொண்டு வரப்புவரை போன வண்டி அது. புல்லட்டுக்குக் கொடுக்கும் மரியாதையை அந்தக் கம்பெனிக்கும் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை.

இதோடு இன்னொரு உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளாசிக்கை நான் விற்கப் போவதில்லை. அது வீட்டில் இருக்கும்போது, புதிதாக வருவது அதன் வேலையைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கிளாசிக் செய்யாததைச் செய்ய வேண்டும். இந்தக் கோணத்தில் பார்த்தவுடன் பட்டியலில் பாதி கழிந்துவிடுகிறது. மீட்டியோர் 350 போனது. சொகுசான சீட், 15 லிட்டர் டேங்க் எல்லாம் இருந்தும் அது கிளாசிக்கின் கூடப்பிறந்தது. சிபி350-ம் அதே காரணத்தால் போனது. ஒரே வண்டி வைத்துக்கொள்ளும் வீடாக இருந்தால், நிதானமாக 80-ல் போகிறவராக இருந்தால், இந்த இரண்டில் ஒன்றே போதும்; அவர் இதற்குமேல் படிக்க வேண்டியதில்லை.

சூப்பர் மீட்டியோர் 650-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 648 சிசி இரட்டைச் சிலிண்டர், 47 குதிரைத்திறன். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இதைவிட மனசுக்கு நிறைவான வண்டி அந்த விலைக்கு இல்லை. ஆனால் எடை 241 கிலோ. தரையிலிருந்து உயரம் 135 மில்லிமீட்டர்தான். இரண்டு பேரோடு வேகத்தடையில் அடிப்பாகம் உரசும் பயம் கூடவே வரும். லாட்ஜ் பார்க்கிங்கில் சரிவில் மாட்டிக்கொண்டால் பின்னால் இழுக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆசையோடு அதை விட்டுவிட்டேன்.

இப்போது பணக் கணக்கு. மோட்டார் சைக்கிள் வாங்குகிறவருக்கு இன்று 350 சிசி என்பது ஒரு மதில் சுவர். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். அதற்கு முன் சின்ன வண்டிக்கு 28, பெரிய வண்டிக்கு செஸ் சேர்த்து 31 என்று மூன்று சதவீத வித்தியாசம்தான் இருந்தது. வரிக்கு முன் இரண்டு லட்சம் விலையுள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால், சுவருக்கு இந்தப் பக்கம் 2,36,000. அந்தப் பக்கம் 2,80,000. இன்சூரன்ஸிலும் இதே சுவர் நிற்கிறது. 2022-ல் அறிவித்த விகிதப்படி, புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம் என்பதால், விலை ஏற ஏற அதுவும் ஏறும். ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்சர், டிரையம்ஃப் ஸ்கிராம்ப்ளர் 400 எக்ஸ் மூன்றும் 2025 நிலவரப்படி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தன.

அந்தப் பக்கத்தை ஒதுக்குவதற்கு முன் நியாயமாகப் பார்த்துவிட வேண்டும். ஹிமாலயன் 450-ன் பலம் அதன் முழுமை. 17 லிட்டர் டேங்க், முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், தரையிலிருந்து 230 மில்லிமீட்டர் உயரம். குழியைப் பார்த்துப் பதற வேண்டாத வண்டி. பின்னால் உட்காருகிறவருக்கு இடம் தாராளம். எடை 196 கிலோ, முன்சக்கரம் 21 அங்குலம். அந்தப் பெரிய சக்கரம் கல்லிலும் மண்ணிலும் நன்றாக ஏறும். கொண்டை ஊசி வளைவில் மட்டும் சட்டென்று திரும்ப யோசிக்கும். ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் உள்ளதும் உண்டு, ட்யூப்லெஸ்ஸும் உண்டு. எடுத்தால் ட்யூப்லெஸ்ஸையே எடுங்கள். இரவில் ஆனைமலை ரோட்டில் பஞ்சர் ஆகி, சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றுவது யாருக்கும் வர வேண்டாம்.

கேடிஎம் 390 அட்வென்சர், 2025-ல் புது வடிவில் வந்தது, தனியாக ஓட்டுகிறவருக்கு இவை எல்லாவற்றையும்விட உற்சாகம் தரும். 399 சிசி, 46 குதிரைத்திறன், எடை 183 கிலோவை ஒட்டி. நமக்கு ஏற்றது 19 அங்குல அலாய் முன்சக்கரம் உள்ள எக்ஸ் மாடல். 2024 நவம்பரில் ஆஸ்திரியாவில் கேடிஎம் கம்பெனி கடன் சீரமைப்பு நடவடிக்கைக்குப் போனதைக் கேட்டு, ஸ்பேர்ஸ் கிடைக்குமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இந்த வண்டி செய்யப்படுவது புனே பக்கம் சாக்கனில், பஜாஜ் தொழிற்சாலையில். அதனால் அந்தப் பயம் தேவையில்லை. நான் இதை விட்டதற்குக் காரணம் பின்சீட். ஓட்டுகிறவரைச் சுற்றியே வடிவமைத்த வண்டி அது. டிரையம்ஃப் ஸ்கிராம்ப்ளர் 400 எக்ஸ் பார்க்க மிக அழகு, 16,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்பது பெரிய வசதி. ஆனால் காற்றைத் தடுக்க முன்னால் கண்ணாடி இல்லாத வண்டியை ஆடி மாதம் ஆரல்வாய்மொழி வழியாக ஓட்டிப் பார்த்தவர் டூரிங்குக்கு அதைச் சொல்ல மாட்டார். முப்பந்தல் காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கிடைத்த இரண்டு பேர்: சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300.

சுஸுகி 2022-ல் வந்தது. 249 சிசி, ஆயில் கூலிங், 26.5 குதிரைத்திறன், எடை 167 கிலோ மட்டும். முன்கண்ணாடி, கைக்கவசம், பின்னால் கேரியர் எல்லாம் வண்டியோடே வருகின்றன. எலெக்ட்ரானிக் சமாச்சாரம் குறைவு, கெட்டுப்போகவும் குறைவாகவே இருக்கிறது. டிவிஎஸ் 2025 அக்டோபரில் வந்தது. 299 சிசி, நீர்க்குளிர்ச்சி, 36 குதிரைத்திறன், 28.5 நியூட்டன் மீட்டர். எடை 180 கிலோ. வேகத்தைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோல், சக்கரம் வழுக்காமல் பார்க்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் உண்டு. எக்ஸ்-ஷோரூம் விலை இரண்டுக்கும் இரண்டு லட்சத்தைச் சுற்றித்தான். இரண்டிலும் 19 அங்குல முன்சக்கரம், அலாய், ட்யூப்லெஸ். இரண்டிலும் சீட் உயரம் 835 மில்லிமீட்டர். ஐந்தே முக்கால் அடிக்குக் கீழே உள்ளவர்கள் கட்டாயம் ஏறி உட்கார்ந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கிளாசிக்கில் இரண்டு பாதமும் தரையில் அழுந்த நின்று பழகியவருக்கு நுனிக்காலில் நிற்பது முதல் வாரம் கலக்கமாக இருக்கும். எடை குறைவு என்பதால் அது சீக்கிரம் பழகிவிடும். அதே உயரத்தில் 196 கிலோவைத் தாங்குவது வேறு கதை.

இந்த வண்டிகளுக்கு மாறும் புல்லட்காரர் உண்மையில் விலை கொடுக்கும் இடம் மலைப்பாதை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது. கிளாசிக்கில் பின்னால் ஆள் இருந்தாலும் பெரும்பாலான வளைவுகளை இரண்டாம் கியரிலேயே, கிளட்சைத் தொடாமல், ஓர் இழுப்பில் திரும்பிவிடலாம். 250, 300 சிசியில் அது நடக்காது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினை நான்காயிரம் ஐந்தாயிரத்தில் வைத்துக்கொண்டே திரும்ப வேண்டும். தவறினால் வளைவின் நடுவில் வண்டி மூச்சு வாங்கும், எதிரே பஸ் வரும்போது அது நல்ல இடம் அல்ல. சுஸுகியின் முழு டார்க் 22.2 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 7300-ல், டிவிஎஸ்ஸின் 28.5 கிடைப்பது 7000-ல். இரண்டு பேரும் பையும் ஏறிய பிறகு இந்த ஆறு நியூட்டன் மீட்டர் வித்தியாசம் காகிதத்தில் தெரிவதைவிட ஏற்றத்தில் அதிகம் தெரிகிறது.

இறக்கம் இன்னும் முக்கியம். மலை இறங்கும்போது பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் பேடு சூடாகி, கீழே வரும்போது பிடிமானம் குறைந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது எல்லா வண்டிக்கும் பொருந்தும். புல்லட்டின் பெரிய ஒற்றைச் சிலிண்டர் கியரில் போட்டாலே வண்டியைப் பிடித்து நிறுத்தும். சின்ன எஞ்சினில் அந்தப் பிடி வர இன்னொரு கியர் குறைக்க வேண்டும். எஞ்சின் சத்தம் கூடும், பின்னால் இருப்பவர் என்னவோ ஏதோ என்று தோளைப் பிடிப்பார். ஒன்றும் ஆகாது, அந்த எஞ்சின் அந்தச் சுற்றுக்காகவே செய்யப்பட்டது. காது பழக வேண்டும், அவ்வளவுதான்.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? நான்குவழிச் சாலையில் 90-லும் 100-லும் மணிக்கணக்காக எஞ்சின் அலுக்காமல் ஓடுவது. பழைய 350-களின் சுகம் 60-க்கும் 80-க்கும் நடுவில். லாரியை முந்த அதற்குமேல் கேட்டால் எட்டி எட்டித்தான் தரும். இரண்டு பேரோடு போகும்போது முந்துவதில் சீக்கிரம் முடிப்பதுதான் பாதுகாப்பு. இன்னொன்று, ஊர்ச்சாலையின் குழிகள். நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் மாலை வந்து இறங்கும்போது முதுகு முதுகாகவே இருக்கும்.

மனைவியின் கருத்தைத்தான் நான் கடைசி வரை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். டூரிங் வண்டியில் பாதி நேரம் கஷ்டப்படுகிறவர் பின்னால் இருப்பவர்தான். அவரைக் கேட்காமல் வண்டி எடுப்பதில் அர்த்தமே இல்லை. மூன்று வண்டியிலும் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தேன். ஹிமாலயனின் சீட் அவருக்குப் பிடித்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்க உயரம் அதிகம் என்றார். சுஸுகியில் உட்கார்ந்தவர், “இது சைக்கிள் மாதிரி லேசா இருக்குங்க, உங்களுக்குப் பரவாயில்லை, பையும் நானும் ஏறினா தாங்குமா?” என்று கேட்டார். டிவிஎஸ்ஸில் காலை வைக்கும் இடமும் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியும் சரியாக அமைந்தன. வேறு எந்த அளவையும்விட இது எனக்குப் பெரிதாகப் பட்டது.

டிவிஎஸ்ஸுக்கு எதிராக நியாயமான வாதம் ஒன்று உண்டு. புது மாடல், புது எஞ்சின். சுஸுகிக்குப் பின்னால் சில வருட ஓட்டம் இருக்கிறது, இதற்கு இல்லை. முதல் வருடத்து வண்டியை எடுக்காதே என்று பழைய ஆட்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் பிஎம்டபிள்யூவோடு 2013-ல் கைகோத்து, ஜி 310 வண்டிகளை ஓசூரிலேயே செய்து உலகம் முழுக்க அனுப்பிய கம்பெனி இது. திருச்சியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் அடுத்த தாலுகா ஊரில் அதன் சர்வீஸ் இருக்கும். அவசரம் இல்லாதவர் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாம், அல்லது சுஸுகியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தனியாகப் போகிறவராக இருந்தால் நானே சுஸுகியைத்தான் சொல்வேன்.

இரண்டு பேருக்கு, தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் சுற்ற, என் முடிவு அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300. ஸ்பிதி, லடாக் என்று ஒரு தடவையாவது போயே தீருவேன் என்கிறவர் ஹிமாலயன் 450 எடுக்கட்டும், அந்த அதிகப்படிப் பணத்துக்கு அது தகுதியானது. ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்கும்போது தனியாகப் போகாதீர்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் அழைத்துப் போய், பக்கத்தில் உள்ள மேம்பாலத்தில் ஏற்றத்தின் நடுவே நிறுத்தி, அங்கிருந்து எடுத்துப் பாருங்கள். சேல்ஸ் பையன் பின்னால் உட்கார்ந்து காட்டும் ரோடு டெஸ்டில் இது தெரியாது. பின்னால் டாப் பாக்ஸ் என்ற சாமான் பெட்டி மாட்டுவதாக இருந்தால் அதன் எடையும் கம்பெனி சொல்லும் சுமை அளவுக்குள் வருகிறதா என்று புக்கிங்குக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.